வாட்சைக் கழற்றும் இடம்

ஜனவரி 5, திங்கள்

இந்தப் பக்கத்தைத் திறந்தது யாராக இருந்தாலும் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், யாருக்கும் காட்டாதீர்கள். எங்கள் வீட்டில், பள்ளிக்கூடத்தில், பால் சங்கத்தில், பஸ்ஸில், எங்கேயும் வேண்டாம். படித்துவிட்டால் அடுப்பில் போட்டுவிடுங்கள். தப்பாக எதையும் எழுதப்போவதில்லை. ஆனாலும் பயமாக இருக்கிறது.

என் பெயர் கு. நாவரசி. ஒன்பதாம் வகுப்பு. இது போன வருஷத்துச் சமூக அறிவியல் நோட்டு. முன்பாதி பாடம், பின்பாதி காலி. பேச்சுப்போட்டி நோட்டை அப்பா தினமும் வாங்கிப் பார்ப்பார். இதைக் கேட்க மாட்டார். மூன்றாம் வகுப்பிலிருந்து அப்பா எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து செய்து, எந்த வாக்கியம் என்னுடையது, எது அவருடையது என்று எனக்கே தெரியாமல் போகிறது. என் வாக்கியத்தை எங்கேயாவது எழுதிப் பார்க்கலாம் என்றுதான் இது.

இன்று காலைக் கூட்டத்தில் தலைமை ஆசிரியர் இரண்டு விஷயம் சொன்னார். இருபத்துநான்காம் தேதி வட்டார அளவில் பேச்சுப்போட்டி. தலைப்பு ‘பெண்மையைப் போற்றுவோம்’. எங்கள் பள்ளி சார்பில் நான். பிப்ரவரி ஆறாம் தேதி ஆண்டு விழா. பெண்கள் நாடகம், ஆண்கள் நாடகம் என்று தனித்தனியாக. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சேர்ந்து நடித்ததில் பெற்றோர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். அதிலிருந்து பெண்கள் நாடகத்தில் ஆண் வேஷமும் பெண்கள்தான்.

எஸ்தர் மிஸ் எழுதிய போதை ஒழிப்பு நாடகம். குடிகார அப்பா வேஷம் எனக்கு.

“நீதான் உசரம். கொரலும் கனம். மீச வெச்சா அசல் ஆம்பள” என்றார் மிஸ்.

பெண்டாட்டி வேஷம் துளசிமணிக்கு. உடனே எழுந்து நின்று, “ஏனுங் மாமா, மத்தியானச் சோத்துக்கு எனக்கும் எடம் புடிச்சு வையுங்க” என்றாள். வகுப்பே சிரித்தது.

அம்மா இன்று மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்துவிட்டாள். இடது முழங்கை. தூக்கம் வருகிறது.

ஜனவரி 7, புதன்

அப்பா பேச்சை எழுதி முடித்துவிட்டார். நான்கரைப் பக்கம்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் குழந்தைவேல். பால் கூட்டுறவு சங்கத்தின் செயலாளர். எங்கள் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரும் அவர்தான். எஸ்தர் மிஸ் மாதிரி கழகத்தின் மூலம் வேலைக்கு வந்த டீச்சர்களுக்கு அவர் கையெழுத்துப் போட்டால்தான் சம்பளம். சுற்று வட்டாரத்தில் கல்யாணமோ கும்பாபிஷேகமோ எதுவானாலும் அப்பா பேசாமல் முடியாது. மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும். என்னைத் தவிர யாரையும் ஒருமையில் பேச மாட்டார். பால் ஊற்ற வருகிற சின்னப் பிள்ளைகளைக்கூட ‘வாங்க கண்ணு’ என்றுதான் கூப்பிடுவார். குடிப்பதில்லை. காபிகூடக் கிடையாது. என்னை ஒரு நாளும் அடித்ததில்லை.

இன்று மாலை முதல் ஒத்திகை. அப்பா கட்டிலில் உட்கார்ந்து நோட்டைப் பிடித்துக்கொண்டார். அம்மாவைத் தரையில் உட்காரச் சொன்னார். எதிரில் ஆள் இருந்தால்தான் பேச்சு வரும் என்பார்.

“‘பெண்ணின் கண்ணீர் விழுந்த மண்ணில் எந்தப் பயிரும் விளையாது.’ இந்த எடத்துல மூணு எண்ணு, சாமி. மனசுக்குள்ள. ஒண்ணு, ரெண்டு, மூணு. ஜனம் அப்பத்தான் கைதட்டும்.”

எண்ணினேன்.

“சாந்தாமணி, தட்டுங்க” என்றார் அம்மாவிடம்.

அம்மாவால் இடது கையைத் தூக்க முடியவில்லை. வலது கையால் தொடையில் தட்டினாள். ஏழு தடவை சொல்லிப் பார்த்தேன். ஏழு தடவையும் தட்டினாள்.

ஜனவரி 9, வெள்ளி

இன்று நாடக ஒத்திகை. அறிவியல் ஆய்வகத்தில் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு நடந்தது. எஸ்தர் மிஸ் கண்மையால் எனக்கு மீசை வரைந்தார். பி.டி. சாரிடம் வாட்ச் இரவல் வாங்கிக் கட்டிவிட்டார். வேட்டியும் வாட்சும் இருந்தால்தான் ஆம்பளை மாதிரி தெரியுமாம்.

காட்சி இதுதான். குடித்துவிட்டு வருகிறேன். பெண்டாட்டி சோறு போடுகிறாள். சோறு ஆறிக் கிடக்கிறது. ‘ஏய், திமிராடி உனக்கு?’ என்று கத்தி அடிக்கப் போக வேண்டும். குழந்தை ஓடி வந்து காலைப் பிடிக்கும்.

எனக்குக் குடிகாரர்களைத் தெரியாது. எங்கள் வீதியில் அந்தக் கடையும் இல்லை. எப்படி நடப்பது என்று தெரியாமல் சாதாரணமாக நடந்து வந்தேன். உட்கார்ந்தேன். சோற்றைத் தொட்டேன். பிறகு என் கை தானாக வாட்சிடம் போயிற்று. கொக்கியை எடுத்துவிட்டுக் கழற்றி, கண்ணாடி மேலே பார்க்கும்படி ஜன்னல் திட்டில் வைத்தேன். சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடித்தேன்.

“சித்த உள்ள வாங்க” என்றேன்.

துளசிமணி அடுத்த வசனத்தை மறந்துவிட்டாள். குழந்தையாக நடிக்கிற ஆறாம் வகுப்புப் பெண் ஓடி வரவில்லை. மிஸ்ஸின் கையில் இருந்த சாக்பீஸ் பாதியில் நின்றது.

“இது நான் எழுதலையே அம்மணி” என்றார் மிஸ். “குடிகாரன் எங்காச்சும் வாட்சக் கழட்டி வெப்பானா? ஆனா பாரு, என்ற கையெல்லாம் மயிர்க்கூச்செறியுது. அப்படியே வெச்சுக்க. அந்த எடத்த மாத்தாதே.”

வீட்டுக்கு வந்து முகத்தைத் தேய்த்துக் கழுவினேன். மீசை போகவே இல்லை. சீயக்காய் போட்டுத் தேய்த்தேன். அப்பா வருவதற்குள் போய்விட்டது.

ஜனவரி 12, திங்கள்

காலை ஐந்து மணிக்குப் பேச்சு. சாயங்காலம் நாடகம். ராத்திரி மறுபடி பேச்சு. அம்மா மிளகும் பனங்கற்கண்டும் போட்டுப் பால் தருகிறாள். கணக்குப் பாடத்தில் தூங்கிவிட்டேன். வேறு ஒன்றும் இல்லை.

ஜனவரி 16, வெள்ளி

மாட்டுப் பொங்கல். செவலையைக் குளிப்பாட்டி, கொம்புக்குப் பச்சை வண்ணம் அடித்தேன். பக்கத்து வீட்டு ராஜம்மாள் அத்தை பொங்கல் கொண்டுவந்தார். கொட்டகைக்கு நாலு அடி தள்ளியே நின்றுகொண்டார்.

“அம்மணி, கிட்ட நிக்காதே. அதுபாட்டுக்கு முட்டிப்போடும். உங்கம்மாவ ஒரு வருசத்துல எத்தன தடவ தள்ளிருக்குது! அந்தச் சனியன வித்துத் தொலைங்கன்னு உங்கப்பங்கிட்டச் சொல்லு.”

அம்மா முந்தானையால் கையை மூடிக்கொண்டு, “ஆமாங்க அத்தை” என்றாள்.

செவலை என் தோளில் நாக்கைப் போட்டு உப்புத் தேடிக்கொண்டிருந்தது. அது ஈயைக்கூட முட்டாது. கன்றுக்குட்டி மடியை இடித்தால் திரும்பிப் பார்க்கும், அவ்வளவுதான். ஆனால் ஊரில் அதற்குக் கெட்ட பெயர். முட்டுகிற மாடு.

அப்பாவும் சாயங்காலம் சொன்னார். “ஊரே சொல்லுது. வித்துப்போடலாம்.”

அம்மா செவலைக்குத் தண்ணீர் காட்டப் போனாள். அது முட்டாது என்று நானும் சொல்லவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

துளசிமணி இன்று மத்தியானம் மைதானத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் எனக்குக் குடிகாரனைக் கற்றுக்கொடுத்தாள். அவள் அப்பா தறிக்குப் போகிறவர். கூலி வாங்குகிற சனிக்கிழமை குடிப்பார்.

“இங்க பாரு புள்ள. காலு முன்னால போவும், ஒடம்பு பின்னால வரும். செவுத்தத் தொட்டுத் தொட்டு வரோணும். அப்பறம் ஒரு பாட்டு. எங்கப்பனுக்குப் பாட்டு வந்துச்சுன்னா அன்னைக்கு அடி இல்லீன்னு அர்த்தம். பாட்டு இல்லீன்னா எங்கம்மா என்னையும் தம்பியயும் இழுத்துட்டு மாமன் ஊட்டுக்கு ஓடிப்போவும்.”

தள்ளாடிக் காட்டினாள். வேப்பமரத்தில் முட்டிக்கொண்டு மரத்தை, “தள்ளி நில்லுடா!” என்று திட்டினாள். வயிறு வலிக்கச் சிரித்தேன். இந்த மாதத்தில் இன்றுதான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

நானும் செய்து பார்த்தேன். தள்ளாட்டம் வந்துவிட்டது. சோற்றுக் காட்சி வந்ததும் கை மறுபடி மணிக்கட்டுக்குப் போனது.

துளசிமணி சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

“குடிச்சவனுக்கு அத்தன நிதானம் இருக்காது. எங்கப்பன் வாட்ச் ஒடையும்னெல்லாம் பாக்க மாட்டாரு. அவருகிட்ட வாட்சே இல்ல. இது குடிக்காதவன் பண்றது.”

நான் காலில் குத்திய நெருஞ்சி முள்ளை எடுத்துக்கொண்டிருந்தேன்.

“உங்கப்பா குடிக்க மாட்டாருல்ல?”

“மாட்டாரு.”

“ம்” என்றாள். மணி அடித்தது. வகுப்புக்கு வரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். வழக்கமாக அப்படிப் பிடிக்கிறவள் இல்லை. மாமா என்றும் கூப்பிடவில்லை.

ஜனவரி 22, வியாழன்

செவலையையும் கன்றையும் வண்டியில் ஏற்றினார்கள். வாங்க வந்தவரிடம் அப்பா, “கொஞ்சம் முட்டும், பாத்துக்குங்க” என்று நேர்மையாகச் சொன்னார். அம்மா உள்ளேயே இருந்தாள்.

ஜனவரி 24, சனி

முதல் பரிசு.

பதினாறு பள்ளிக்கூடம். நான் ஒன்பதாவது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. அப்பா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் பேசப் பேச அவர் உதடும் அசைந்தது. கண்ணீர் விழுந்த மண் வந்தது. மூன்று எண்ணினேன். அவர் சொன்ன மாதிரியே கைதட்டினார்கள். நடுவராக வந்த பெண்மணி ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு சூடு ஆறாத பாத்திரமும் சான்றிதழும் கொடுத்தார்கள். பரிசு கொடுத்தவர், “இப்படி ஒரு மகளைப் பெற்ற தகப்பனை மேடைக்கு அழைக்கிறேன்” என்றார். அப்பா ஏறி வந்து என் தலையில் கை வைத்தார். போட்டோ எடுத்தார்கள். அப்பாவின் வாட்ச் என் நெற்றியில் சில்லென்று பட்டது.

வீட்டுக்கு வந்ததும் சாப்பிட உட்கார்ந்தோம். புதுப் பாத்திரத்தில்தான் அம்மா சோற்றைப் போட்டு வைத்திருந்தாள். மூடியைச் சரியாகத் திருகவில்லை. சோறு ஆறியிருந்தது.

அம்மா இன்று குளியலறையில் வழுக்கி விழுந்தாள்.

இல்லை. இந்த நோட்டிலாவது சரியாக எழுதலாம் என்று நினைத்தேன். மேலே இருப்பதை அடித்துவிட்டு எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. அப்பா ஜன்னல் திட்டில் வாட்சை வைத்தார். சித்த உள்ள வாங்க என்றார். அம்மா கையைக் கழுவிக்கொண்டு போனாள். நான் சான்றிதழை மடங்காமல் புத்தகத்துக்குள் வைத்தேன். சத்தம் வராது. எப்போதுமே வராது. அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொள்வாள்.

இனி மாடும் இல்லை. ராஜம்மாள் அத்தை கேட்டால் குளியலறை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஜனவரி 28, புதன்

ஆண்டு விழா அழைப்பிதழ் வந்துவிட்டது. தலைமை வகிப்பவர், அப்பா. பெண்கள் நாடகம் முடியும்வரை முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

“நாடகத்துல உனக்கு என்ன வேசம், சாமி?”

“அப்பா வேசமுங்க. குடிகார அப்பா.”

பெரிதாகச் சிரித்தார். “நல்லாச் செய்யி. இந்தக் குடிகாரப் பயலுகளத் தோலுரிச்சுக் காட்டோணும். ஊருப் பொம்பளைக அத்தன பேரும் வருவாங்க.”

இன்று இடைவேளையில் எஸ்தர் மிஸ்ஸிடம் போய் நின்றேன்.

“மிஸ், அந்த வாட்ச் எடத்த எடுத்தறலாமுங்களா? கழட்டறப்ப நேரமாகுது.”

“அய்யோ, நாடகமே அந்த எடத்துலதான் இருக்குது! மத்ததெல்லாம் எல்லா ஸ்கூல்லயும் போடறதுதான்.”

“வேண்டாமுங்க மிஸ்.”

மிஸ் திருத்திக்கொண்டிருந்த பேப்பரை மூடி வைத்தார்.

“அது எங்க பாத்தே நீ?”

“டிவியில.”

“என்ன நிகழ்ச்சி?”

மிஸ் என் முகத்தைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த தனிம அட்டவணையைப் பார்த்தேன். ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம்.

“சரி, போ” என்றார். நான் வாசல் வரை போனதும், “நாவரசி, என்னைக்கு வேணும்னாலும் எங்கிட்ட வந்து பேசு, என்ன” என்றார். குரல் மாறிவிட்டிருந்தது. அவருக்குத் தெரிந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. தெரிந்தால் சும்மா இருக்க மாட்டார். சும்மா இல்லாவிட்டால் அடுத்த மாதம் அவருக்கு யார் கையெழுத்துப் போடுவது?

பிப்ரவரி 1, ஞாயிறு

தொண்டை கட்டினால் நடிக்க வேண்டாமே என்று இரண்டு ஐஸ் தின்றேன். தொண்டை கட்டவில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

கிணற்றங்கரையில் துணி அலசிவிட்டு, யாரும் இல்லை என்று தள்ளாடிப் பழகிக்கொண்டிருந்தேன். முடிவு செய்துவிட்டேன். மிஸ் என்ன திட்டினாலும் மேடையில் துளசிமணியின் குடிகாரனைத்தான் செய்வேன். சுவரைப் பிடிப்பேன், பாடுவேன், மரத்தைத் திட்டுவேன். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பேசிப் பார்த்தேன். கையை எடுத்ததும் மணிக்கட்டுக்குப் போகிறது. என் கையே எனக்குப் பயமாக இருக்கிறது.

திரும்பினால் அம்மா. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“அது நாடகத்துல வருதா, கண்ணு?”

பொய் சொல்லியிருக்கலாம். “வருதும்மா” என்றேன்.

குடத்தைக் கீழே வைத்தாள். தண்ணீர் சேந்தவில்லை. கயிற்றைப் பிடித்தபடி கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எடுத்தறச் சொல்லு. உங்கப்பா பாத்தா...” என்றாள்.

“எடுக்கறேம்மா. நான் வேற மாதிரி பழகிட்டேன்.”

தலையாட்டினாள். வாளி உள்ளே போய் மேலே வந்தது. குடம் நிறைந்தது. தூக்கி இடுப்பில் வைத்த பிறகு கேட்டாள்.

“ஜனமெல்லாம் வருமா?”

“வரும். ராஜம்மாள் அத்தைகூட வர்றாங்களாம்.”

குடத்தோடு போய்விட்டாள்.

பிப்ரவரி 5, வியாழன்

அம்மா பெட்டியைத் திறந்து பச்சைப் பட்டுச் சேலையை எடுத்து மடிப்பு நீவிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட விழாவுக்கு அவள் வந்ததே இல்லை. பால் கறக்க நேரமாகிவிடும் என்பாள்.

“மாடுதான் இல்லையே இப்ப. நானும் வர்றேன்” என்றாள்.

அப்பா, “வாங்களேன், யாரு வேண்டாம்னாங்க” என்றார்.

பிப்ரவரி 6, வெள்ளி

எழுத முடிந்தவரை எழுதிவிடுகிறேன்.

பந்தலில் இடம் இல்லாமல் மதில் மேலெல்லாம் ஆட்கள். இடது பக்கம் ஆண்கள், வலது பக்கம் பெண்கள். அப்பா தலைமை உரை ஆற்றினார். மது ஒழிய வேண்டும், மனைவியை மதிக்க வேண்டும் என்று இருபது நிமிஷம். மூன்று இடத்தில் கைதட்டல். பிறகு இறங்கி முதல் வரிசையில் உட்கார்ந்தார். அம்மா பெண்கள் பக்கத்தில் நாலாவது வரிசை. ராஜம்மாள் அத்தைக்குப் பக்கத்தில்.

திரைக்குப் பின்னால் துளசிமணி என் மீசையைச் சரிசெய்தாள். “தள்ளாடு. பாடு. வேற ஒண்ணும் பண்ண வேண்டாம். நான் பாத்துக்கறேன்” என்று காதில் சொன்னாள். வாட்சையும் அவளே இறுக்கக் கட்டினாள், ஒரு ஓட்டை தள்ளி. கழற்ற முடியாதபடி.

போனேன். தள்ளாடினேன். தூணைத் திட்டினேன். பந்தலே அதிரச் சிரித்தது. ஆண்கள் பக்கம் யாரோ, “அடேய், இது நம்ம ஆறுமுகமல்லோ!” என்று கத்தினார்கள். இன்னும் சிரிப்பு. அப்பாவும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

உட்கார்ந்தேன். துளசிமணி தட்டு வைத்தாள். சோற்றைத் தொட்டேன். நிமிர்ந்தபோது அம்மா தெரிந்தாள். எல்லாரும் சிரித்து முடிக்காமல் இருக்க, அவள் மட்டும் சிரிக்காமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் மீது கோபமா, வேண்டாம் என்கிறாளா, செய் என்கிறாளா, எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

கை தானாகப் போயிற்று என்று எழுத நினைத்தேன். அது பொய். இன்று தானாகப் போகவில்லை. நான்தான் கொண்டுபோனேன். கொக்கி இறுகியிருந்தது. இழுத்தேன். தோல் சிராய்த்துக்கொண்டு கழன்றது. தள்ளாட்டத்தை விட்டுவிட்டு நேராக எழுந்து நின்றேன். ஜன்னல் திட்டு மாதிரி வைத்திருந்த பெட்டி மேல், கண்ணாடி மேலே பார்க்க வைத்தேன். சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடித்தேன்.

“சாந்தாமணி, சித்த உள்ள வாங்க” என்றேன்.

நாடகத்தில் பெண்டாட்டியின் பெயர் மல்லிகா.

துளசிமணி வசனம் எதுவும் பேசாமல் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து என் பின்னால் வந்தாள். நான் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ராஜம்மாள் அத்தை மெதுவாகத் திரும்பி அம்மாவைப் பார்ப்பது தெரிந்தது. அவருக்குப் பின்னால் இருந்தவர்களும் பார்த்தார்கள். அம்மா தலையைக் குனியவில்லை.

திரை விழுந்தது. யாரும் கைதட்டவில்லை. முதலில் தட்டியது அப்பாதான். நிதானமாக, ஒரே அளவாகத் தட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள். எஸ்தர் மிஸ் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

“இன்னைக்கு என்னோட வந்துரு. அம்மாவையும் கூட்டிட்டு” என்றார்.

அம்மாவிடம் சொன்னேன். “வீடு நம்முளுது. நாம எதுக்குக் கண்ணு போகோணும்?” என்றாள். மிஸ்ஸைப் பார்த்து, “காலைல வாங்க டீச்சர்” என்றாள். ராஜம்மாள் அத்தையிடமும் எதையோ சொன்னாள். என்ன என்று கேட்கவில்லை.

மூன்று பேரும் மொபெட்டில் வந்தோம். வழியில் எதிரில் வந்த பால் வண்டிக்காரருக்கு அப்பா வணக்கம் சொன்னார். வீட்டில் விளக்கைப் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். எனக்குப் பேச்சு சொல்லித்தருகிற அதே குரலில்தான் கேட்டார்.

“நல்லா நடிச்சே, சாமி. அந்த வாட்ச் எடம் யாரு சொல்லிக் குடுத்தாங்க? டீச்சரா, உங்கம்மாவா?”

மிஸ் என்றால் மிஸ்ஸுக்கு வேலை போகும். அம்மா என்றால் அம்மா உள்ளே போக வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணினேன். எண்ணி முடித்தும் அப்பா எழுதிய வாக்கியம் எதுவும் வரவில்லை.

“யாரும் சொல்லலீங்க. நான் பாத்தேன்” என்றேன்.

“எங்க?”

“இங்க.”

அப்பாவின் வலது கை இடது மணிக்கட்டுக்குப் போனது. கொக்கியைத் தொட்டது. அப்போது அவரே குனிந்து தன் கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சமையல் கட்டு வாசலில் நின்று அம்மாவும் பார்த்தாள். மூன்று பேரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே ராஜம்மாள் அத்தையின் வீட்டு வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இந்நேரத்துக்கு அவர் விளக்கை அணைத்துவிடுவார்.

கை கீழே இறங்கியது. வாட்ச் கையிலேயே இருந்தது.

“போய்ப் படுங்க” என்றார். அம்மாவுக்கு மட்டும் சொன்னாரா, எங்கள் இரண்டு பேருக்குமா என்று தெரியவில்லை.

நான் படுப்பது தீவன மூட்டை அறையில். அம்மா தன் பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் துருப்பிடித்து அசையவில்லை. எங்கள் வீட்டில் உள் கதவுகளுக்கு யாரும் தாழ் போட்டதில்லை. தலைக்கு வைக்கிற தேங்காயெண்ணெயைத் தடவி, எடைபோடும் படிக்கல்லால் தட்டித் தட்டி ஏற்றினாள். அந்தச் சத்தம் வீடு முழுவதும் கேட்டிருக்கும்.

இப்போது பக்கத்தில் படுத்திருக்கிறாள். நான் எழுதுவதைப் பார்த்துவிட்டாள். என்ன எழுதுகிறாய் என்று கேட்கவில்லை. “என்ற பேரச் சரியா எழுதினியா?” என்று மட்டும் கேட்டாள். சாந்தாமணி, துணைக்கால் போட்டு, என்றேன்.

மிஸ் காலையில் வருவார். நாளை என்ன ஆகும் என்று தெரியவில்லை. பயம் போகவில்லை. கண் எரிகிறது. தூங்கினால் போதும் என்று இருக்கிறது.

கூடத்தில் கட்டில் கிரீச்சிட்டது. செருப்பில்லாத காலடி. கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிறது. தள்ளிப் பார்க்கிறார். கதவு அசையவில்லை.

தட்டுகிறார். மெதுவாக, விரல் கணுவால். இந்த வீட்டில் அப்பா ஒரு கதவைத் தட்டி நான் கேட்டதே இல்லை.

அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். கூந்தலை முடிகிறாள். வீட்டில் இருப்பது நாங்கள் மூன்று பேர்தான். இருந்தும் அம்மா, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி, “யாரு?” என்று குரல் கொடுக்கிறாள்.